மின்மினிக்கு எத்தனை பெயர்!

ஒரு பொருளுக்கு மக்கள் இட்டு வழங்கும் பெயரை ஆராயப் புகுந்தால், அப்பொருளைப் பற்றி அறிவதைவிட, பெயரிட்ட மக்களைப் பற்றியே மிகுதியாக அறிந்துகொள்கிறோம். இவ்வுண்மைக்குச் சான்று தேடி நெடுந்தொலைவு செல்ல வேண்டியதில்லை. நெல்மணியினும் சற்றே பெரிய உடலில் விளக்கொன்றைச் சுமந்து இருளில் உலவும் சிற்றுயிராகிய மின்மினி ஒன்றே போதும். அதனைக் கண்டு வியந்த மக்கள் தத்தம் மொழியில் ஒரு பெயர் சூட்டினர். அப்பெயர்களுள் சில அதனைப் புகழ்வன, சில இகழ்வன, சில அதன்மேல் ஒரு கதையையே ஏற்றி வைப்பன.

நம் கொங்கு நாட்டிலிருந்தே தொடங்குவோம்.

ஒரே ஊரில் ஐந்து பெயர்கள்

கோயம்புத்தூர் நகரில் ஒரே நாளில், சில தெருக்களைச் சுற்றி வருவதற்குள், இப்பூச்சிக்கு ஐந்து பெயர்களைக் கேட்கலாம். தமிழர் வீட்டில் அது மின்மினி. தெலுங்கைத் தாய்மொழியாகக் கொண்டோர் வீட்டில் மிணுகுரு. கன்னடம் பேசும் நெசவாளர் வீட்டில் மிஞ்சுஹுளு. பாலக்காட்டுக் கணவாய் வழியே வந்து குடியேறிய மலையாளிகளின் வீட்டில் மின்னாமினுங்கு. கோட்டைமேட்டிலும் உக்கடத்திலும் உருது பேசும் நம் சகோதரர் வீட்டில் ஜுகுனு.

இந்த ஐந்து பெயர்களுக்குள்ளும் கொங்கு நாட்டின் வரலாறு அடங்கியிருக்கிறது. விஜயநகர ஆட்சியும் அதனை அடுத்து வந்த நாயக்கர் ஆட்சியும் தெலுங்கு மக்களை இங்குக் கொண்டுவந்தன. பதினேழாம் நூற்றாண்டில் மைசூர் மன்னரின் கை இப்பக்கம் நீண்டது. கன்னடத்தின் செல்வாக்கும் வளர்ந்தது. பின்னர் ஹைதர் அலியின் படைகள் இவ்வழியே மலையாளக் கரைக்குச் சென்றன. 1766இல் எழுந்த பாலக்காட்டுக் கோட்டை அதற்கு இன்றும் சாட்சி. 1799இல் திப்பு சுல்தான் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் ஷஹீதாகும் வரை கொங்கு நாடு மைசூர் அரசின் ஒரு பகுதியாகவே இருந்தது. படையோடும் ஆட்சியோடும் வாணிபத்தோடும் வந்தவர்கள் தங்கள் மொழியையும் உடன் கொணர்ந்தனர். ராவுத்தர் வீடுகளில் தமிழும், தக்கினி முஸ்லிம்களின் வீடுகளில் உருதுவும், மாப்பிள்ளைமார் வீடுகளில் மலையாளமும் ஒலிக்கும் இன்றைய நிலை அவ்வாறு உருவானதே. பள்ளிவாசலில் ஒரே ஸஃப்பில் தோளோடு தோள் நிற்கும் மூவர், வீடு திரும்பும் வழியில் ஒரே பூச்சியை மூன்று பெயரால் சுட்டக்கூடும்.

இவற்றுள் நான்கு பெயர்கள் உடன்பிறப்புகள் என்பது எளிதில் புலப்படும். மின், மினுங்கு, மிணுகு, மிஞ்சு ஆகிய யாவும் ஒளி விட்டுவிட்டுத் தோன்றுதலைக் குறிப்பன. கன்னடத்து ‘ஹுளு’ நம்முடைய ‘புழு’வே, அம்மொழியில் பகரம் ஹகரமாகும்.

ஆயினும் தமிழ்ப் பெயருக்கு ஒரு தனியழகு உண்டு. மின் என்று ஒருமுறை சொல்லி நிறுத்தாமல், மின்-மினி என்று அடுக்கிச் சொல்கிறோம். ஒரு முறை ஒளிர்ந்து, அணைந்து, மீண்டும் ஒளிரும் அதன் இயல்பு பெயரின் ஓசையிலேயே அமைந்துவிட்டது. இதே வழியைக் கடல் கடந்த மக்களும் கண்டிருக்கின்றனர். மலாய் மொழியில் அதற்குக் கெலிப்-கெலிப் என்றும் குனாங்-குனாங் என்றும் பெயர். கிழக்கு ஆப்பிரிக்காவின் சுவாஹிலியில் கிமுலிமுலி. ஒருவரையொருவர் கண்டறியாத மக்கள் ஒரே காட்சியைக் கண்டு ஒரே முறையில் நாவசைத்திருக்கிறார்கள்!

கொல்லன் உலையும் குதிரைக் குளம்பும்

மின்மினி என்னும் பெயர் சங்க நூல்களிலேயே இடம்பெற்றுவிட்டது. எருமை வெளியனார் மகனார் கடலனார் பாடிய அகநானூற்றின் 72ஆம் பாட்டில் ஒரு காட்சி வருகிறது. மழை பொழியும் நள்ளிரவு. மின்மினிகள் மொய்த்துக் கிடக்கும் கரையான் புற்றைக் கரடியொன்று பெயர்த்தெடுக்கிறது. பூச்சிகள் தீப்பொறிகளைப் போல் சுடர்கின்றன. இடையில் நிற்கும் கரடி, இரும்படிக்கும் கொல்லனைப் போல் புலவருக்குத் தோன்றுகிறது.

இவ்வுவமை கற்பனையில் மட்டும் பிறந்ததன்று. கொங்கு நாட்டில், நொய்யலாற்றின் கரையிலுள்ள கொடுமணலில், 1985 முதல் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தார் நிகழ்த்திய அகழாய்வுகளில் இரும்பு உருக்கிய உலைகளின் எச்சங்கள் கிடைத்துள்ளன. உலைக்களத்துத் தீப்பொறி பழந்தமிழ் மக்களுக்கு அன்றாடக் காட்சி. ஆதலால் இருளில் பறக்கும் ஒளித்துளியைக் கண்டதும் அதுவே நினைவுக்கு வந்தது.

அரபு நாட்டிலும் மின்மினியைத் தீப்பொறியோடுதான் சேர்த்து எண்ணினர். ஆனால் அப்பொறி பிறந்த இடம் வேறு. அது கொல்லன் உலையில் தெறித்ததன்று. பாய்ந்தோடும் குதிரையின் குளம்பு பாறையில் மோதித் தெறித்தது. இதற்கு அரபியர் ‘நாருல் ஹுபாஹிப்’, அதாவது ஹுபாஹிபின் நெருப்பு, என்று பெயரிட்டிருந்தனர். மின்மினிக்கும் ஹுபாஹிப் என்றே பெயர். திருக்குர்ஆனின் 100ஆம் அத்தியாயமாகிய அல்ஆதியாத்தில், விரைந்தோடும் குதிரைகளின் குளம்பிலிருந்து பொறி பறப்பதைக் கூறும் இரண்டாம் வசனத்திற்கு விளக்கம் எழுதிய பேரறிஞர்கள் இப்பெயரை எடுத்துக்காட்டுகின்றனர்.

ஹுபாஹிப் என்பவர் யார்? கி.பி. 822இல் மறைந்த மொழியறிஞர் அல்ஃபர்ரா ஒரு செய்தியைத் தருகிறார். அறியாமைக் காலத்தில் முளர் குலத்தில் வாழ்ந்த மாபெரும் கஞ்சனுக்கு அப்பெயராம். ஊரார் உறங்கும் வரை அவன் அடுப்பு மூட்ட மாட்டான். மூட்டினாலும் சிறு சுள்ளித் தீயே. யாரேனும் விழித்துக்கொண்டதாகத் தெரிந்தால், தன் வெளிச்சத்தால் பிறர் பயன்பெற்றுவிடுவாரோ என்றஞ்சி அதையும் அணைத்துவிடுவான். எவருக்கும் உதவாமல் எரிந்து அணையும் ஒளிக்கு அவன் பெயரே நிலைத்துவிட்டது.

பாலைவன வாழ்வை அறிந்தோர்க்கு இப்பெயரின் கடுமை விளங்கும். வழி தவறிய பயணி கண்டு வந்து சேர்வதற்காக மேட்டில் நெருப்பு மூட்டி வைப்பது அரபியரின் விருந்தோம்பல் மரபு. அத்தகைய மக்கள், வா என்றழைப்பது போல் ஒளிர்ந்து மறுகணமே மறையும் பூச்சியைக் கண்டு, கஞ்சனை நினைத்ததில் வியப்பில்லை.

பூச்சியும் எழுதுகோலும்

அரபியில் மின்மினிக்கு மற்றொரு பெயரும் உண்டு. அது ‘யராஆ’. இச்சொல்லுக்கு நாணல் என்பது ஒரு பொருள். நாணலைச் சீவிச் செய்த எழுதுகோல் என்பது இன்னொரு பொருள். உள்ளீடற்ற நாணலைப் போன்ற கோழை என்பதும் பொருள். மின்மினி என்பதும் பொருள். எழுதுகோலும் மின்மினியும் ஒரே பெயரைத் தாங்கி நிற்பது நம் போன்ற எழுத்துப் பித்தருக்கு எத்தனை இனிப்பான செய்தி!

பஸராவில் கி.பி. 868ஐ ஒட்டி மறைந்த அல்ஜாஹிள், தம் ‘கிதாபுல் ஹயவான்’ என்னும் உயிரின நூலில் இதனைக் குறிப்பிடுகிறார். பகலில் பறக்கையில் மற்றச் சிற்றுயிர்களைப் போன்றே தோன்றும் அது, இரவில் பறக்கையில் எரிவெள்ளி போலவும் பறக்கும் விளக்கைப் போலவும் காணப்படும் என்பது அவர் தரும் விவரம்.

இச்சொல் தாங்கிய கதையொன்று இந்தியாவிலிருந்தே அரபகத்துக்குச் சென்றது. குளிரில் நடுங்கிய குரங்குகள் மின்மினியை நெருப்பென்று எண்ணி, அதன்மேல் சுள்ளிகளை அடுக்கி ஊதிக்கொண்டிருந்தன. ‘அது நெருப்பன்று’ என்று பலமுறை எடுத்துரைத்த பறவையை அவை இறுதியில் அடித்துக் கொன்றன. கேளாதவனுக்கு அறிவுரை கூறாதே என்பது கதையின் கருத்து. பஞ்சதந்திரத்தின் இக்கதை, ஆறாம் நூற்றாண்டில் நவ்ஷேர்வான் மன்னர் காலத்தில் பழம்பாரசீகத்துக்குப் போயிற்று. எட்டாம் நூற்றாண்டில் இப்னுல் முகஃப்பஃ அதனைக் ‘கலீலா வ திம்னா’ என அரபியாக்கினார். வடமொழியில் ‘கத்யோதம்’ என்றிருந்த பூச்சி அங்கு யராஆ ஆயிற்று.

கத்யோதம் என்பதற்கு வானை ஒளிர்விப்பது என்று பொருள். தமிழ் அகராதிகளில் கச்சோதம் எனக் காணப்படுவது இதன் திரிபே. விந்தை யாதெனில், வடமொழியில் இதே சொல் கதிரவனுக்கும் வழங்கும். ஞாயிற்றின் முன் மின்மினி என்று எள்ளி நகையாடுவது நம் வழக்கம். ஆனால் அந்த ஞாயிற்றுக்கும் மின்மினிக்கும் ஒரே பெயரைக் கொடுத்து வைத்தனர் பழையோர்.

இந்த எள்ளலுக்கு மின்மினியின் வாயாலேயே விடை சொல்ல வைத்தவர் ஷைகு ஸஅதி (ரஹ்). நம் மத்ரஸாக்களில் தலைமுறை தலைமுறையாக ஓதிக்கொடுக்கப்பட்ட அவருடைய ‘பூஸ்தான்’ 1257இல் இயற்றப்பட்டது. பாரசீகத்தில் மின்மினிக்கு ‘கிர்மெ ஷப்தாப்’, இரவில் ஒளிரும் புழு, என்று பெயர். ஸஅதியோ அன்போடு ‘கிர்மக்’, சின்னஞ்சிறு புழு, என்கிறார். பகலில் ஏன் வெளியே வருவதில்லை என்று ஒருவர் அதனைக் கேட்கிறார். தான் பகலிலும் இரவிலும் வெளியில்தான் இருப்பதாகவும், கதிரவனின் முன்னிலையில் தன்னைக் காண முடிவதில்லை என்றும் அது விடை கூறுகிறது. பேரொளியின் முன் தன்னை இல்லாததாகக் கருதும் அப்பணிவையே ஸஅதி பாராட்டுகிறார்.

இக்பாலின் குழந்தைப் பாடல் கஞ்சன் என்ற பழியையே துடைத்துவிட்டது. 1924இல் வெளிவந்த ‘பாங்கெ தரா’வில் ‘ஹம்தர்தி’ என்றொரு பாட்டு உண்டு. ஆங்கிலக் கவிஞர் வில்லியம் கூப்பரின் கருத்தைத் தழுவியது. இருட்டிவிட்டதால் கூடு திரும்ப வழியறியாது கலங்கும் புல்புல் பறவைக்கு, தன் சிறு ஒளியால் வழிகாட்ட ஜுகுனு முன்வருகிறது. யாருக்கும் பயன்படாத ஒளி என்று பழைய அரபியர் ஒதுக்கியது, உருதுப் பாட்டில் பிறருக்கு உதவும் ஒளியாக மாறி, பள்ளிப் பிள்ளைகளின் நாவில் ஏறியது.

விளக்கென்று நினைத்தவர்கள்

அரபியில் ‘சிராஜுல் லைல்’, இரவின் விளக்கு, என்றும் மின்மினியை வழங்குவர். விளக்கென்று கொண்ட மக்கள் அதனை விளக்காகவே பயன்படுத்திய கதைகளும் உண்டு. நான்காம் நூற்றாண்டில் சீனத்தில் வாழ்ந்த சே யின் என்பவர் எண்ணெய் வாங்க இயலாத வறுமையில், மெல்லிய பட்டுப் பையில் மின்மினிகளை இட்டு அவ்வொளியில் படித்து உயர்பதவி அடைந்தார் என்பர். ஜப்பானில் பள்ளிப் படிப்பு முடிந்து மாணவர் விடைபெறும் வேளையில் பாடும் பாட்டுக்கு ‘மின்மினியின் ஒளி’ என்பதே பெயர்.

தூக்கணாங்குருவி தன் கூட்டில் ஈரக் களிமண்ணை அப்பி, அதில் மின்மினியைப் பதித்து விளக்கேற்றுகிறது என்று நம் நாட்டுப்புறத்தில் சொல்வதுண்டு. இதனை ஆராய்ந்தவர் ஒரு முஸ்லிம் அறிஞர். டில்லியைச் சேர்ந்த அத்ஹர் அலீ கான் இக்குருவியைப் பற்றி எழுதிய கட்டுரை, கல்கத்தா ஆசியக் கழகத்தின் ஆய்வுத் தொகுதியில் 1790இல் வெளியாயிற்று. கூட்டில் மின்மினிகள் காணப்படுவது உண்மையே. ஆனால் அவற்றின் வெளிச்சத்தால் குருவிக்குப் பயன் சிறிதே. ஆதலின் இரையாகவே அவற்றைக் கொள்கிறது போலும் என்று அவர் முடிவு கட்டினார். அழகிய கதையாயினும் ஆராயாமல் ஏற்கலாகாது என்னும் அறிவு நேர்மையை அங்குக் காண்கிறோம். அதே தூக்கணாங்குருவியின் வாழ்வை நேரில் கண்டு 1931இல் எழுதிப் புகழ்பெற்றவர் பறவையியல் மேதை ஸாலிம் அலீ. அவர் பெயரால் 1990இல் அமைந்த ஆய்வு மையம் நம் கோவையை அடுத்த ஆனைக்கட்டியில்தான் இருக்கிறது.

புழுவா, பூச்சியா?

பாரசீகரும் கன்னடரும் புழு என்கின்றனர். செருமானியரும் பிரெஞ்சுக்காரரும் அவ்வாறே. ஆங்கிலேயரிடம் ‘ஒளிரும் புழு’, ‘தீ ஈ’ என இரண்டு பெயர்களும் உண்டு. உண்மையில் அது புழுவுமன்று, ஈயுமன்று, வண்டினம். உலகில் 2,000க்கும் மேற்பட்ட வகைகள் உள்ளன. ஐரோப்பாவில் பரவலாகக் காணப்படும் வகையில் பெண்ணுக்குச் சிறகில்லை. புல்லில் ஊர்ந்தபடி ஒளிர்வதைக் கண்டோர் புழு என்றதில் பிழை காண்பதற்கில்லை.

அவ்வொளி சுடுவதில்லை. உடலினுள் உண்டாகும் ஒரு பொருள் உயிர்க்காற்றோடு சேர்கையில் வெப்பமின்றி வெளிச்சம் பிறக்கிறது. பறந்துகொண்டே ஆண் ஒரு முறையில் ஒளிவிட, புல்லிலோ புதரிலோ அமர்ந்திருக்கும் பெண் அம்முறையை அறிந்து விடையாக ஒளிவிடும். ஒவ்வோர் இனத்துக்கும் தனித்தனி முறை. சுருங்கக் கூறின், அது இருளில் பேசும் ஒரு மொழி. நாம் அதற்கு ஆயிரம் பெயர் சூட்டிக்கொண்டிருக்க, அது தன் இணையைத் தன் மொழியில் அழைத்துக்கொண்டிருக்கிறது.

மின்னை விரட்டிய மின்

1932இல் நீலகிரியின் பைக்காரா நீர்மின் நிலையம் இயங்கத் தொடங்கிற்று. கோவையின் ஆலைகள் பெருகின. கிணறுகளில் மின் இறைவைகள் ஏறின. கொங்கு நாடு செழித்தது. அந்த ஆற்றலுக்குத் தமிழில் நாம் வைத்த பெயர் மின்சாரம். வானத்து மின்னலுக்கும் வயல்வெளி மின்மினிக்கும் உரிய அதே மின்!

தம்பி வந்து தமையனை வீட்டைவிட்டு வெளியேற்றிய கதையாக அது முடிந்தது. தெருவிளக்கும் தோட்டத்து விளக்கும் விடிய விடிய எரியுமிடத்தில், ஆண் மின்மினியின் அழைப்பு பெண்ணின் கண்ணுக்குத் தெரிவதில்லை. விடை இல்லையேல் இணை இல்லை. இணை இல்லையேல் அடுத்த ஆண்டு மின்மினியும் இல்லை. மேலும் இதன் இளம்புழு பல மாதங்கள் ஈர மண்ணிலும் சருகிலும் நத்தைகளைத் தின்று வளர்வது. நீர்க்கரைகள் சிமிட்டித் தரையாகி, வயல்களில் பூச்சிமருந்து பெருகிய பின் அது எங்கே வாழும்?

இன்று நகரத்துப் பிள்ளைக்கு மின்மினி என்னும் சொல் பாடப்புத்தகத்தில் கிடைக்கிறது, பூச்சி கிடைப்பதில்லை. பொருள் மறைந்த பின் பெயர் நெடுநாள் உயிரோடிருப்பதில்லை. முதலில் வீட்டுப் பேச்சிலிருந்து விலகும். பின் அகராதியில் ஒதுங்கும். ஐந்து பெயர்களும் ஒலித்த ஊரில் ஒரு பெயரும் கேளாது போகும் நாள் வந்தால், அது பூச்சிக்கு மட்டும் நேர்ந்த இழப்பாகாது.

எனினும் நம்பிக்கைக்கு இடமுண்டு. 2022ஆம் ஆண்டு ஏப்ரலில், பொள்ளாச்சிக்குத் தெற்கே ஆனைமலைப் புலிகள் காப்பகத்தின் உலாந்தி வனச்சரகத்தில், வனத்துறையினரும் காட்டுயிர்ப் படக்கலைஞர் ஸ்ரீராம் முரளியும் ஓர் அரிய காட்சியைப் பதிவு செய்தனர். எண்ணற்ற மின்மினிகள் மரந்தோறும் அமர்ந்து, ஒரு மரத்தில் தொடங்கிய ஒளியை அடுத்த மரம் ஏற்க, காடு முழுவதும் ஒரே தாளத்தில் ஒளிர்ந்து அணைந்தன. அறிவியலார் அவற்றை ‘அப்ஸ்காண்டிடா’ என்னும் பேரினத்தில் சேர்த்தனர். இலத்தீனில் அச்சொல்லுக்கு ‘மறைந்திருப்பது’ என்று பொருள்! மனிதன் விளக்கேற்றாத இருளில்தான் அது இன்னும் மறைந்து வாழ்கிறது.

இதில் நாம் செய்யக்கூடியது ஒன்றுமில்லையா? உண்டு. மழைக்கு முந்திய கோடை மாதங்களில் கிராமத்து உறவினர் வீட்டுக்குச் செல்லும் குடும்பங்கள், இஷாவுக்குப் பின் வாசல் விளக்கைச் சற்று நேரம் அணைத்துவிட்டுப் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு வாய்க்கால் ஓரம் நிற்கட்டும். ஒன்றேனும் தென்பட்டால் அதன் பெயரை அவர்கள் தம் வீட்டு மொழியில் சொல்லட்டும். மின்மினி என்றோ, ஜுகுனு என்றோ, மின்னாமினுங்கு என்றோ. அவ்வாறுதான் ஒரு சொல் தலைமுறை கடக்கிறது.

எவருக்கும் பயன்படாமல் எரியும் ஒளியைப் பழைய அரபியர் ஹுபாஹிபின் நெருப்பு என்று இகழ்ந்தனர். பூச்சியின் மீது அப்பழி நியாயமன்று என்பதை இப்போது அறிந்துவிட்டோம். அதன் ஒளி தன் இணைக்காக எரிவது. ஆனால் ஆளில்லாத முற்றத்தில், மூடிய கடைவாசலில், வெறுந்தோட்டத்தில், யாருக்காகவும் அல்லாமல் இரவு முழுவதும் நாம் எரியவிடும் விளக்குகள் உள்ளனவே, அவற்றுக்கு அந்தப் பெயர் மிகவும் பொருந்தும். வீண்விரயத்தை வெறுக்கும் மார்க்கத்தில் பிறந்த நாம், அவ்விளக்குகளை அணைக்கும் கடமையை முதலில் நம் வீட்டிலிருந்து தொடங்கலாம்.